ஒன்பதாவது பாட்டில்

காலை பத்து மணிக்கு அந்தச் சின்ன ஜன்னல் திறக்கும். காற்று வருகிற ஜன்னல் இல்லை. இரண்டு அறைகளுக்கு நடுவே சுவரில் வெட்டிய ஒரு முழ அகலப் பொந்து, அதற்கு ஒரு பலகைக் கதவு. கதவு ஒதுங்கும். இரண்டு கைகள் வரும். மூன்று கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போய்விடும். கதவு மூடிக்கொள்ளும்.

பதினேழு வருஷமாக, பீர் ஆலையில் ருசி பார்த்துச் சொல்கிற ருசிக்காரர் அந்தக் கைகளை மட்டுமே பார்த்து வருகிறார். வெந்நீரில் ஊறி ஊறி வெளுத்துப்போன விரல்கள். வலது கட்டை விரலில் கண்ணாடி கிழித்த தழும்பு. அந்தக் காயம் பட்ட நாள்கூட அவருக்கு நினைவிருக்கிறது. அன்று மூன்றாவது டம்ளர் இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தது. என்ன ஆச்சு என்று கேட்க வார்த்தை தொண்டைவரை வந்தது. கேட்கவில்லை.

அறை முழுக்கக் கறுப்புப் பெயின்ட். மேலே ஒரே ஒரு சிவப்பு பல்பு. பீரின் நிறத்தைப் பார்த்து நாக்கு ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. சிவப்பு வெளிச்சத்தில் எல்லா டம்ளரும் ஒரே கறுப்பாகத் தெரியும். அறையில் பலகை வைத்துப் பிரித்த மூன்று தடுப்புகள் உண்டு. ஒருகாலத்தில் மூன்றிலும் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது நடுத் தடுப்பில் ருசிக்காரர் மட்டும். மற்ற இரண்டும் காலி.

அவர் முதல் டம்ளரைக் கையில் எடுப்பார். அப்போது இடப்பக்கத் தடுப்பிலிருந்து அந்தச் சத்தம் வரும்.

டொக், டொக்.

மரப்பலகையில் டம்ளரின் அடி படுகிற சத்தம். முதல் தடவை கேட்டபோது எழுந்து போய் எட்டிப் பார்த்தார். நாற்காலி காலி. மேஜையில் தூசி. தூசியில் ஒரு வட்டம்கூட இல்லை. அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கிற வேலையை விட்டுவிட்டார். பார்த்து என்ன ஆகப்போகிறது? குடிப்பதற்கு முன்னால் டம்ளரை இரண்டு முறை மேஜையில் தட்டுகிற மனிதர் ஒருவரைத்தான் அவர் தம் வாழ்நாளில் பார்த்திருக்கிறார். அந்த மனிதர் இறந்து பதினேழு வருஷம் ஆகிறது. அவரை வீழ்த்தியது ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் பிறந்தது ருசிக்காரரின் வாயில். ஜன்னல் வழியாக டம்ளர் வைக்கிற கைகள் அந்த மனிதருடைய மனைவியின் கைகள்.

ருசிக்காரர் பிறக்கும்போதே ருசிக்காரராகப் பிறக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் அந்த பீர் ஆலையில் பாட்டில் பார்க்கிற ஆளாகச் சேர்ந்தார். கழுவிய காலி பாட்டில்கள் வெள்ளைக் குழல் விளக்குக்கு முன்னால் வரிசையாக நகர்ந்து போகும். விரிசலோ, பூச்சியோ, அழுக்கோ தெரிந்தால் எடுத்துவிட வேண்டும். ஒருநாள் பளிச்சென்று இருந்த பாட்டில் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார். சூப்பர்வைசர் சத்தம் போட்டார். மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்றார் இவர். சுற்றி நின்ற நாலு பேரும் மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். லேபுக்கு அனுப்பினார்கள். மண்ணெண்ணெய்தான். ஒரு சொட்டின் நிழல்.

அன்று மத்தியானமே பீர் தயாரிக்கிற பிரிவிலிருந்து மாஸ்டர் ஓடி வந்தார். அவருக்கும் அப்போது சின்ன வயதுதான், ஆனால் தொட்டிகளெல்லாம் அவர் பொறுப்பு. "எங்கய்யா அந்த மூக்கு? எனக்குக் குடுங்கய்யா அதை," என்று கேட்டு, ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஒன்றாகவே வீடு திரும்பினார்கள்.

நாக்கைக் காப்பாற்றுவது சாதாரண வேலை இல்லை. மாலை வரைக்கும் மிளகாய் கூடாது, வெங்காயம் கூடாது. பல் தேய்க்க வெறும் உப்பு. வாசனை சோப்பு கூடாது, பவுடர் கூடாது. வீட்டில் மனைவிக்கும் அதே சட்டம். "நான் கல்யாணம் பண்ணிக்கிட்டது நாக்கைத்தான். கூடவே ஒரு ஆளும் வந்தாரு," என்று அவள் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். மாஸ்டர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் மாஸ்டரின் மனைவி கரண்டியோடு நின்று, "அண்ணாவுக்கு உப்பாவது போடலாமா, இல்ல அதுக்கும் கம்பெனி லெட்டர் வேணுமா?" என்று கேட்பாள். அவள் குரலில் அந்த 'அண்ணா' வெல்லக்கட்டி மாதிரி இருக்கும். கூடப் பிறந்தவள் இல்லாத ருசிக்காரர் அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த வீட்டுப் படி ஏறுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த வெளிநாட்டு பீர் வந்து சேர்ந்தது.

ஆலையின் சொந்த பீரை யாரும் சீண்டாமல் போன காலம். கிடங்கில் பெட்டிகள் கூரையை முட்டின. இன்றைக்கு மூடுவார்களா, நாளைக்கு மூடுவார்களா என்று வாசலில் கூடிக் கூடிப் பேசினார்கள். அந்த நேரத்தில் கடலுக்கு அப்பால் இருந்த ஒரு பெரிய கம்பெனி இறங்கி வந்தது. எங்கள் பெயரில், எங்கள் லேபிளில், எங்கள் பீரை நீங்களே உங்கள் ஊரில் தயாரித்து விற்கலாம், உரிமம் தருகிறோம் என்றது. ஒரே நிபந்தனை. ருசி இம்மி பிசகக் கூடாது. ஒத்துப் பார்ப்பதற்காகப் பன்னிரண்டு பெட்டி பீரை அவர்களே கப்பலில் அனுப்பினார்கள்.

பாட்டிலின் கழுத்தில் தங்கத்தாள் சுற்றியிருந்தது. ஆலையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெட்டிகள் துறைமுகத்தில் ஐந்து மாதம் வெயிலில் கிடந்துவிட்டு வந்திருந்தன. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சோதனை தொடங்கியது. மூன்று டம்ளர். இரண்டில் வெளிநாட்டு பீர், ஒன்றில் மாஸ்டர் செய்தது. எது வேறு என்று ருசிக்காரர் கண்டுபிடிக்க முடியாமல் போனால் மாஸ்டருக்கு வெற்றி. முதல் தடவையே கண்டுபிடித்தார். இரண்டாவது, மூன்றாவது என்று எட்டாவது தடவை வரைக்கும் கண்டுபிடித்தார். மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் இடப்பக்கத் தடுப்பில் உட்கார்ந்து, டொக் டொக்கென்று தட்டி, தாமும் குடித்துப் பார்த்துவிட்டு எழுந்து போவார்.

ஒன்பதாவது தடவை வைத்த பீரை ருசிக்காரர் வாயில் ஊற்றியபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவ்வளவு சுத்தம். விடியற்காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற காற்று போல ஒரு கசப்பு. ஆனால் மற்ற இரண்டு டம்ளரும் அப்படி இல்லை. அவற்றில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை, அதற்குக் கீழே பழைய தேன் மாதிரி ஒரு கனம். மறுபடியும் எது வேறு என்று சரியாகக் காட்டிவிட்டார்.

அன்று மாஸ்டர் எழுந்து போகவில்லை.

"யோவ், உண்மையைச் சொல்லு. அந்த ரெண்டும் பழசாப் போன பீர்யா. வெயில்ல வெந்து வந்திருக்கு. அவங்க ஊர்ல அது இப்படி இருக்காது. நான் இன்னிக்கு வெச்சது இருக்கே, அதான் அவங்க பீர். கெட்டுப்போனதைப் பார்த்து நான் எதுக்குய்யா காப்பியடிக்கணும்?"

இதையே மேனேஜரிடமும் போய்ச் சொன்னார். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்கு, நீங்கள் அனுப்பியது கெட்டுப்போன சரக்கு என்று எழுதுவதா? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதா? அவர் ருசிக்காரரைக் கூப்பிட்டு, மாஸ்டரையும் பக்கத்தில் நிறுத்தி வைத்து, ஒரே கேள்வி கேட்டார். அனுப்பிய பீர் கெட்டுப்போனதா, இல்லையா?

ருசிக்காரருக்கு அட்டைப்பெட்டி வாடை தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. ஆனால் கண் முன்னால் மேஜையில் அந்த பாட்டில் நின்றது, கழுத்தில் தங்கத்தாளோடு. இவ்வளவு பெரிய கம்பெனி கெட்டதை அனுப்புமா? நம் நாக்குக்குத்தான் நல்லது எது என்று தெரியவில்லையோ? வாசலில் கூடி நிற்கிற அத்தனை பேரின் முகமும் நினைவுக்கு வந்தது. அவர் மாஸ்டரைப் பார்க்கவில்லை. பாட்டிலைப் பார்த்துச் சொன்னார்.

"இதுதான் சார் அவங்க ருசி."

அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தையோடு மாஸ்டரின் கதை முடிந்தது. வேலையை விட்டு அனுப்பிய கடிதத்தில் காரணம் எழுதியிருந்தார்கள்: தொடர்ந்து குடித்ததால் ருசி அறியும் திறன் மழுங்கிவிட்டது. ஒரு நாளைக்கு அரை டம்ளர் தாண்டாத மனிதரைக் குடிகாரர் ஆக்கிவிட்டது காகிதம். தெரு முழுக்க அது பரவியது. கடைக்காரன் சிரித்தான். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை மாஸ்டர் வீட்டுக்கு விளையாட அனுப்பவில்லை. வேறு இடத்தில் வேலை கேட்டுப் போனால் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் கேட்டார்கள். மனிதர் உள்ளுக்குள்ளேயே வெந்து, நெஞ்சுவலி என்று படுத்து, ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ருசிக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டு வாசல்வரை போனார். பெஞ்சில் மாஸ்டரின் மனைவி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அதற்கு மேல் கால் வரவில்லை. திரும்பி நடந்துவிட்டார்.

பிறகு யூனியன்காரர்கள் இரக்கப்பட்டு, மேனேஜரோடு மல்லுக்கட்டி, அந்த அம்மாளுக்கு டம்ளர் கழுவுகிற வேலை வாங்கிக் கொடுத்தார்கள். சோப்பு படாமல் வெந்நீரில் கழுவி, கவிழ்த்துக் காயவைத்து, சாம்பிளை ஊற்றி, ஜன்னல் வழியாக வைக்க வேண்டும். ஆலையில் அவளை எல்லோரும் கிளாஸ் அக்கா என்றார்கள். அவள் ருசிக்காரரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏசியிருந்தால்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அந்த மௌனம் நாள்தோறும் காலை பத்து மணிக்கு மூன்று டம்ளராக வந்து நின்றது.

மாஸ்டருக்குப் பின் வந்தவர் கெட்டிக்காரர். பீரை பாட்டிலில் அடைத்து, பாய்லருக்குப் பக்கத்து அறையில் பத்து நாள் அடுக்கி வைத்தார். பதினோராவது நாள் எது வேறு என்று ருசிக்காரரால் கண்டுபிடிக்க முடியவில்லை. உரிமம் கிடைத்தது. அந்தச் சூடான அறைக்குப் பக்குவ அறை என்று ஒரு பெயரும் வைத்து, வாசலில் பூட்டும் போட்டார்கள். தொழில் ரகசியம் அல்லவா? ஊரே அந்த பீரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. வெளிநாடு போய் வந்தவர்கள் மட்டும், அங்கே குடித்தால் இன்னும் நன்றாக இருக்கிறது என்பார்கள். அங்கே குளிர், அதனால்தான் என்று மற்றவர்கள் விளக்கம் கொடுப்பார்கள்.

மாதா மாதம் இங்கிருந்து சாம்பிள் போகும். அங்கிருந்து மதிப்பெண் வரும். சுமாரான மதிப்பெண்தான். பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: பயணத்தில் சற்றுப் பழையதாகிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை ஒத்துப் பார்க்க அங்கிருந்து புதுப் பெட்டிகள் வரும். கப்பலில்தான் வரும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரிகளும் வருவார்கள். லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா, தொட்டி சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விருந்தில் ஆளுக்கு ஒரு டம்ளர் குடிப்பார்கள், உங்கள் ஊரில் வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ருசிக்காரர் தாளில் 'ஒத்துவருகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். டொக், டொக். எழுதி முடித்துப் பேனாவை மூடினால் மறுபடியும் ஒரு தடவை, டொக், டொக். தெரிந்து சொன்னோமா, தெரியாமல் சொன்னோமா என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்ட கேள்விக்கு அந்தச் சத்தம் ஒருநாளும் பதில் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டது.

அவர் ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து புதிதாக ஒரு அதிகாரி வந்தார். ஒல்லியான பெண்மணி, குறைவாகப் பேசுகிறவர். பதினெட்டு வருஷத்து மதிப்பெண் தாள்களையும் படித்துவிட்டு வந்திருந்தார். ஒவ்வொரு மாதமும் ஒரே குறை, ஒரே அளவில் இருப்பது எப்படி என்பது அவர் கேள்வி. வழியில் கெடுகிற பீர் ஒருமுறை கூடவும் ஒருமுறை குறையவும் கெட வேண்டாமா? அதனால் தங்கள் ஊரில் ஆறு நாளைக்கு முன் அடைத்த மூன்று பாட்டில்களைத் தம் பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றி விமானத்தில் கொண்டுவந்துவிட்டார். அவர் பேசியதைப் புது மேனேஜர் மொழிபெயர்த்தார்.

பத்து மணிக்கு ஜன்னல் திறந்தது. கைகள் மூன்று டம்ளரை வைத்தன, இரண்டில் ஆலை பீர், ஒன்றில் அதிகாரி கொண்டுவந்தது. ருசிக்காரருக்குப் பின்னால் அதிகாரியும் மேனேஜரும் நின்றார்கள்.

டொக், டொக்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவர்கள் இருவரும் அசையவே இல்லை. அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

முதல் டம்ளர், நாள்தோறும் குடிக்கிற ஆலை பீர். இரண்டாவது டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். ஒரு மடக்கு.

விடியற்காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற காற்று.

ருசிக்காரர் டம்ளரை மேஜையில் வைத்தார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், இதே நாற்காலியில், இதே சிவப்பு வெளிச்சத்தில் அவர் வேண்டாம் என்று தள்ளிவிட்ட பீர் அது. கண்ணை மூடினால் இடப்பக்கத் தடுப்பில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. வாழ்க்கை முழுக்கக் காப்பாற்றி வந்த நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

மூன்றாவது டம்ளரை அவர் தொடவே இல்லை. எது வேறு என்று மேனேஜர் கேட்டார். இரண்டாவது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சோதனை முடிந்திருக்கும். பதினெட்டு வருஷப் பிழையைப் புதிய இயந்திரத்தின் தலையிலோ தண்ணீரின் தலையிலோ கட்டியிருப்பார்கள். இன்னும் ஒரு மாதத்தில் மேடை, சால்வை, ருசிக்காரர் நாக்கு பொய் சொல்லாது என்கிற நாலு பேச்சு. செத்தவர் குடிகாரராகவே செத்துப் போயிருப்பார்.

ஜன்னல் கதவு அன்று முழுக்க மூடவில்லை என்பதை ருசிக்காரர் கவனித்தார். இரண்டு விரல் அகலம் திறந்திருந்தது.

"ரெண்டாவதுதான் சார் வேற. அது அவங்க கொண்டுவந்தது," என்றார். பிறகு எழுந்து நின்றார். "ஆனா அது எங்க மாஸ்டர் செஞ்ச பீர். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒன்பதாவது தடவையா அவர் இங்க கொண்டுவந்து வெச்சாரு. அவருக்கு நாக்கு மழுங்கல சார். நீங்க கப்பல்ல அனுப்பினது கெட்டுப்போச்சுன்னு அவர் சொன்னாரு. அதான் உண்மை. எனக்கும் அன்னிக்கே தெரிஞ்சுது. தெரிஞ்சே நான் மாத்திச் சொன்னேன்."

தெரிஞ்சே. அந்தச் சொல் வெளியே வந்த பிறகுதான், இத்தனை வருஷக் கேள்விக்குப் பதில் தம் வாயிலேயே இருந்தது அவருக்குத் தெரிந்தது.

மேனேஜர் முகம் சுண்டிப்போனது. அவர் அதை மொழிபெயர்க்கவில்லை. என்ன சொல்கிறார் என்று அதிகாரி இரண்டு முறை கேட்ட பிறகுதான் மென்று விழுங்கிச் சொன்னார். கூடவே, பதினெட்டு வருஷத்துக்கு முன் குடித்த ருசி ஒருவருக்கு எப்படி நினைவிருக்கும், ஓய்வு பெறப்போகிற ஆள், மனம் குழம்பிப் பேசுகிறார், இதற்கு என்ன சாட்சி என்றும் சொன்னார்.

ஜன்னல் கதவு முழுக்க ஒதுங்கியது.

கைகள் வந்தன. இந்தத் தடவை கைகளில் டம்ளர் இல்லை. ஒரு பாட்டில். லேபிள் கிடையாது, தங்கத்தாள் கிடையாது. மருந்துக்கடை பிளாஸ்திரி ஒன்றை ஒட்டி, அதில் பேனாவால் ஒன்பது என்று எழுதியிருந்தது. ருசிக்காரருக்கு அந்தக் கையெழுத்து தெரியும். மூடியைச் சுற்றித் துரு பிடித்திருந்தது.

"வேலைய விட்டு வெளிய வந்த அன்னிக்கு அவர் இது ஒண்ணைத்தான் எடுத்துட்டு வந்தாரு," என்றது ஜன்னலுக்குப் பின்னாலிருந்து குரல். பதினேழு வருஷத்தில் ருசிக்காரர் அந்தக் குரலை அவ்வளவு நீளமாகக் கேட்டதில்லை. "ஒரு நாள் யாராவது கேப்பாங்க, அப்போ குடுன்னாரு. வெளிநாட்டுலேர்ந்து ஆள் வர்றப்பல்லாம் சாப்பாட்டுப் பைல போட்டுக் கொண்டுவருவேன். இதுக்கு முன்னாடி நாலு தடவை. யாரும் கேக்கல. திருப்பிக் கொண்டுபோயி பீரோவுல வெச்சுடுவேன்."

ருசிக்காரர் பாட்டிலை வாங்கிக்கொள்ளவில்லை. அதைத் திறக்க வேண்டாம் என்று கெஞ்சினார். மாஸ்டர் இவ்வுலகில் விட்டுப்போனது அது ஒன்றுதானே என்றார். அவள் அதை ஜன்னல் பலகையில் வைத்து, தானே திறப்பானால் நெம்பினாள். பொங்கவில்லை. நுரைகூட வரவில்லை. ஒரு பெருமூச்சு மாதிரி மெல்லிய சத்தம் மட்டும் வந்தது.

மூன்று டம்ளரில் ஊற்றினாள். அதிகாரியும் மேனேஜரும் குடித்தார்கள். ருசிக்காரர் குடித்தார்.

நனைந்த அட்டைப்பெட்டி. அதன் கீழே பழைய தேன். ஆலையில் பதினெட்டு வருஷமாக விற்கிற அதே ருசி, ஆனால் பல மடங்கு ஆழமாக, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி. மாஸ்டரின் அந்தச் சுத்தமான பீரும் பழசானால் இந்த ருசிக்குத்தான் வரும். கப்பலில் வந்ததும் இப்படித்தான் வந்திருக்கிறது.

புது பீருக்கு இந்த ருசி எப்படி வருகிறது என்று அதிகாரி கேட்டதும் ருசிக்காரர் பக்குவ அறையைப் பற்றிச் சொன்னார். அதிகாரி அதைத் திறந்து காட்டச் சொன்னார். பாய்லர் சூட்டில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பதினெட்டு வருஷமாகத் தலைமையகத்தில் பயணத்தின் மேல் பழி போட்டார்கள். ஆலையில் பயணத்தில் கெட்டதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டுச் செத்துப்போனார். இப்படித்தான் அதிகாரி சொன்னதாக மேனேஜர் மொழிபெயர்த்தார்.

பழைய கடிதத்தை ரத்து செய்து, மாஸ்டரின் ருசி சரியானது என்று தலைமையகத்தின் முத்திரையோடு ஒரு தாள் வந்தது. மேனேஜர் அதைக் கிளாஸ் அக்காவிடம் கொடுத்தபோது அவள் வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு நேராக ருசிக்காரரிடம் வந்தாள். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக முகத்துக்கு முகம். அந்த முகத்துக்கு இவ்வளவு வயதாகியிருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. அவர் நினைவில் அது கரண்டியோடு சிரித்துக்கொண்டு நின்ற முகம்.

"ஆஸ்பத்திரில அன்னிக்கு உங்க முதுகைப் பார்த்தேன்," என்றாள். "இங்க நாலு சுவத்துக்குள்ள சொன்னது எனக்குப் போதாது. எங்க மாடிப்படில வந்து சொல்லணும். ஒவ்வொரு கதவுலயும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் போனார். நாலு மாடி, மாடிக்கு மூன்று கதவு. மனைவியும் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டார். கீழே முதல் கதவிலிருந்து தட்டத் தொடங்கினார். பாதி வீடுகளில் புதிதாகக் குடிவந்தவர்கள். யாரோ மாஸ்டராம், யாரோ குடிக்கவில்லையாம், நமக்கு என்ன என்பது போலப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் எதையோ விற்க வந்த ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். அவர் மறுபடியும் தட்டிச் சொன்னார். மாஸ்டர் குடிகாரர் இல்லை. அவர் சொன்னது உண்மை. பொய் சொன்னது நான். பதினோரு கதவிலும் சொன்னார். இரண்டாவது மாடியில் பழைய ஆள் ஒருவர் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அந்தாளு கடைசி வரைக்கும் இதையேதான் சொல்லிட்டிருந்தாரு. நாங்கதான் சிரிச்சோம்," என்றார்.

நாலாவது மாடியில் கடைசிக் கதவு திறந்தே இருந்தது. அவள் வாசலில் நின்று அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அண்ணா என்றும் சொல்லவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் நின்றுகொண்டே குடித்துவிட்டு இறங்கினார்.

பக்குவ அறையை மூடிவிட்டார்கள். சுத்தமான புது பீர் கடைகளுக்குப் போனது. பத்தே நாளில் கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். இது டூப்ளிகேட், ஒரிஜினல் ருசி இல்லை என்று ஆட்கள் சண்டைக்கு வருகிறார்களாம். ருசிக்காரருக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. மாஸ்டர் இருந்தால் தொடையில் தட்டிச் சிரித்திருப்பார் என்று நினைத்தவுடன் சிரிப்பு நின்றுவிட்டது.

கடைசி நாளும் வந்தது. மேடை இல்லை, சால்வை இல்லை. காலை பத்து மணிக்கு வழக்கம்போல ஜன்னல் திறந்தது. மூன்று டம்ளர். கைகள் திரும்புவதற்குள் அவர் கேட்டுவிட்டார். இத்தனை வருஷமும் அந்தச் சத்தம் மாஸ்டருடையது என்று நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு, அந்த முகத்தைப் பார்த்ததிலிருந்து மனத்துக்குள் ஒரு சந்தேகம் புகுந்திருந்தது.

"நான் டம்ளர் எடுக்கிறப்ப ரெண்டு தடவை தட்டறது... அது நீதானாம்மா?"

கைகள் அப்படியே நின்றன.

"வேலைக்கு வந்த முதல் வருஷம் தட்டினேன். உங்களுக்குக் கேக்கணும்னுதான் தட்டினேன்," என்றாள். "அப்புறம் மனசு விட்டுப்போச்சு. நிறுத்திட்டேன். பதினாறு வருஷம் ஆச்சு."

கதவு மூடிக்கொண்டது.

ருசிக்காரர் முதல் டம்ளரை எடுத்தார். இடப்பக்கம் பார்க்காமல், டம்ளரின் அடியை மேஜையில் மெல்ல இரண்டு முறை தட்டினார்.

காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. சுவருக்குப் பின்னால் வெந்நீர்க் குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டம்ளரில் நுரை அடங்கி, பீர் வெதுவெதுப்பாகும்வரை அவர் அந்தப் பதில் தட்டலுக்காகக் காத்திருந்தார். அது வரவே இல்லை.